கடற்கரையில் நின்ற விபீஷணாழ்வான்

ஸ்ரீ:



இதிஹாஸங்களில் வரும் பாத்திரங்களின் இயல்பை ஆராய்வதற்குப் பல வழிகள் உண்டு. அவர்கள் செய்த செயல்களைக் கொண்டு ஆராயலாம். பிறர் அவர்களைப் பற்றிக் கூறியதைக் கொண்டும் ஆராயலாம். இவ்விரண்டினும் நுட்பமான வழி ஒன்று உண்டு. அவர்கள் பிறரைப் பற்றி என்ன கூறினார்கள் என்று கவனிப்பதே அவ்வழி. ஒருவன் மற்றொருவனை எடைபோடும்போது, தன்னை அறியாமலே தன் உள்ளத்தைத் திறந்து காட்டிவிடுகிறான். இதற்கு ஸ்ரீமத் ராமாயணத்தில் விபீஷண சரணாகதியைக் காட்டிலும் சிறந்த இடம் கிடைப்பது அரிது. யுத்தகாண்டத்தின் 17, 18-ஆம் ஸர்கங்களில் வால்மீகி பகவான் இதனை விரித்துரைக்கிறார். ஸ்வாமி வேதாந்த தேசிகன் இந்தப் பகுதிக்கென்றே அபயப்ரதான ஸாரம் என்னும் கிரந்தத்தை அருளிச்செய்தார் என்றால், இதன் ஏற்றம் விளங்கும்.

பெரியோர் காட்டிய வழியிலே நின்று, அப்பகுதியில் வரும் பாத்திரங்களின் குணங்களைச் சிறிது சிந்திப்போம்.

வானில் நின்ற ஐவர்

இலங்கையில் விபீஷணன் தமையனுக்குப் பலமுறை நல்லுரை கூறினான். பிராட்டியைத் திருப்பி அனுப்பிவிடு என்பதே அவ்வுரையின் ஸாரம். ராவணன் ஏற்கவில்லை, ஸபையில் இழிவாகப் பேசினான். அதன் பின்னரே விபீஷணன் தன்னோடு வந்த நால்வருடன் கடலைக் கடந்து வடகரையை அடைந்து, தரையில் இறங்காமல் வானிலேயே நின்றான். நம் ஸம்பிரதாயத்தில் அவனை விபீஷணாழ்வான் என்றே வழங்குகிறோம். ஆனால் அன்று அவனைக் கண்ட வானரர்கள் மரங்களையும் பாறைகளையும் கையில் எடுத்தனர்.

அந்நிலையில் அவன் பேசிய பேச்சு கவனிக்கத்தக்கது. தீயொழுக்கம் உடைய ராவணன் என்னும் அரக்கர்கோன் ஒருவன் உளன். அவனுக்கு நான் தம்பி என்று தொடங்குகிறான். புகலிடம் தேடி வருபவன் பொதுவாகத் தன் பெருமையை முதலில் கூறுவான். குற்றம் ஏதேனும் இருப்பின் இறுதியில் மெல்லச் சொல்வான், அல்லது மறைப்பான். இவனோ தன்னைத் தள்ளுவதற்குப் போதுமான காரணத்தைத் தானே முன்வைக்கிறான். அதன்பின் மனைவி மக்களை விட்டு வந்ததைக் கூறி, எல்லா உலகங்களுக்கும் புகலிடமான அந்த மஹாத்மாவிடம் நான் வந்திருப்பதை விரைவில் தெரிவியுங்கள் என்கிறான்.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. எல்லா உலகங்களுக்கும் புகலிடம் என்றால், அந்த எல்லாவற்றுள் இலங்கையும் அடங்கும். அதுவே அவன் பற்றிய பற்றுக்கோடு. மேலும் அவன் பெருமாளை நேரே அழைக்கவில்லை. தன்மேல் பாறை எறிய நின்றவர்களையே தனக்காகச் சொல்லும்படி வேண்டுகிறான். பாகவதர்களை முன்னிட்டே பகவானை அடையவேண்டும் என்னும் புருஷகாரத்தின் தத்துவம் இங்கே அமைந்துள்ளது.

ஆலோசனை கூறியவர்கள்

செய்தி பெருமாளிடம் சென்றது. கொண்டு சென்றவர் ஸுக்ரீவ மஹாராஜர். இவன் பகைவன், ராவணனின் தம்பி, கூட வந்தவர்களுடன் சேர்த்துக் கொல்லத்தக்கவன் என்பது அவர் தீர்ப்பு. பெருமாள் அதனைக் கேட்டபின் மற்றவர்களின் எண்ணத்தையும் வினவுகிறார். தாம் முன்னமே முடிவு செய்த ஒன்றைப் பற்றியும் பிறர் கருத்தைக் கேட்பது பெரியோர் இயல்பு.

அங்கதன் முதலில் பேசுகிறான். பகைவனிடமிருந்து வந்தவனை உடனே நம்புதல் ஆகாது. குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து, குற்றம் மிகுந்தால் விடலாம், குணம் மிகுந்தால் கொள்ளலாம் என்கிறான். அரசியல் கற்ற இளைஞனின் பேச்சு இது. சரபன், ஓர் ஒற்றனை அனுப்பி ஆராய்க என்கிறான். முதுமையும் அனுபவமும் வாய்ந்த ஜாம்பவான், இவன் வந்த இடமும் பொருந்தவில்லை, காலமும் பொருந்தவில்லை. ஆகவே ஐயுறத்தக்கவன் என்கிறான். மைந்தன், இனிய சொற்களால் மெல்ல வினாவி அவன் உள்ளத்தை அறிக என்கிறான்.

இவர்களுள் எவரும் தீயவர் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. போர் மூளும் தறுவாயில் பகைவனின் தம்பி ஆயுதம் ஏந்தி வந்து நிற்கும்போது, தலைவனிடம் அன்பு உள்ளவர் இவ்வாறுதான் பேசுவர். ஆனால் நால்வர் பேச்சிலும் ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. அனைவரும் வந்தவனை ஒரு வழக்காக வைத்துப் பேசினார்களேயொழிய, அவன் முகத்தை நோக்கியவர் ஒருவரும் இல்லை.

சிறிய திருவடியின் வாக்கு

பின்னர் ஆஞ்சநேயர் பேசுகிறார். வாதத்திற்காகவோ, போட்டிக்காகவோ, தம்மை மிகுதியாக மதித்தோ பேசவில்லை என்று முன்னுரைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கூற்றுக்கும் விடை கூறுகிறார். ஒருவனை ஒரு பணியில் அமர்த்திப் பாராமல் அவன் குணத்தை அறிவது எங்ஙனம்? வந்தவுடனே பணியில் அமர்த்துவதும் தவறாகும். எதிரே நின்று தன் பெயரைச் சொல்பவனிடத்தில் ஒற்றனுக்கு வேலை என்ன? இடமும் காலமும் பொருந்தவில்லை என்பதும் சரியன்று. ராவணனிடத்தில் தீமையையும் தேவரீரிடத்தில் பராக்கிரமத்தையும் கண்டு தெளிந்தவன் வருவதற்கு இதுவே தக்க இடம், தக்க காலம்.

வினாவி அறியலாம் என்ற கூற்றுக்கு அவர் கூறும் மறுப்பு மிகவும் அழகானது. அறிவுடையவனைத் திடீரென்று துருவிக் கேட்டால் அவனுக்கே ஐயம் பிறக்கும். மகிழ்ந்து வந்த நண்பனும் பொய்யான கேள்வியால் மனம் கெடுவான் என்கிறார். நம் ஐயமே ஒரு நண்பனைப் பகைவனாக்கிவிடக் கூடும் என்னும் உண்மை இதிலிருந்து விளங்குகிறது. இறுதியில், இவன் பேச்சில் தீய எண்ணம் காணப்படவில்லை, முகம் தெளிந்திருக்கிறது, வஞ்சகன் இவ்வளவு தயக்கமின்றி வாரான் என்று முடிக்கிறார். முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவரே.

அதே மூச்சில் அவர் மற்றொன்றும் சொல்கிறார். வாலி மாண்டதையும் ஸுக்ரீவர் முடிசூடியதையும் கேட்டு, ராஜ்யத்தை விரும்பியே இவன் வந்திருக்கக் கூடும் என்கிறார். வந்தவனிடம் பரிவு கொண்டவர் அவனைப் பற்றி மிகைப்படுத்திப் பேசவில்லை. குறை இருக்கலாம் என்று அறிந்தே ஏற்கச் சொல்கிறார். கம்பநாட்டாழ்வார் இந்தக் கட்டத்தில் வேறொரு சுவையைச் சேர்க்கிறார். இலங்கையில் தூதனாகிய தம்மைக் கொல்லப் பணித்தபோது விபீஷணன் தடுத்ததையும், அவன் மாளிகையில் மதுவும் ஊனும் காணாததையும் அநுமன் சாட்சியாகக் கூறுவதாகப் பாடுகிறார். வால்மீகியின் ஆஞ்சநேயரோ தமக்குச் செய்யப்பட்ட உபகாரத்தைப் பேசாமலே வழக்காடுகிறார்.

மஹாராஜரின் அச்சம்

ஆஞ்சநேயர் வாக்கு பெருமாள் திருவுள்ளத்திற்கு உகப்பாயிற்று. ஆயினும் ஸுக்ரீவர் விடவில்லை. இத்தகைய ஆபத்தில் உடன்பிறந்தவனையே கைவிட்டவன், வேறு யாரைத்தான் கைவிடமாட்டான் என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வியே. ஆனால் கேட்பவர் யார்? தமையனோடு பகைத்து, ரிச்யமூகத்தில் மறைந்து வாழ்ந்து, அதே பெருமாளைச் சரணம் புகுந்து, தமையன் மாண்டபின் முடிசூடியவர். விபீஷணனிடம் அவர் காணும் குற்றம் அவருடைய சரித்திரத்திலேயே நிழலாடுகிறது. தாம் உள்ளே வந்த பின்னர், தம்மைப் போன்ற மற்றொருவன் வாயிலில் நிற்கும்போது கதவைச் சாத்த முனைவது மனித இயல்பு. இதனை வால்மீகி வெளிப்படையாகச் சொல்லவில்லை. பெருமாள் இளையபெருமாளை நோக்கிச் சிறிது புன்முறுவல் செய்தார் என்று மட்டும் கூறி மேலே செல்கிறார். அந்தப் புன்முறுவலைப் பலவாறாக அநுபவிக்கலாம்.

பெருமாள் மஹாராஜரைப் பரிஹஸிக்கவில்லை என்பதும் முக்கியம். சாஸ்திரங்களைக் கற்று, பெரியோர்க்குத் தொண்டு செய்தவரே இவ்வாறு பேசவல்லவர் என்று முதலில் பாராட்டுகிறார். எல்லாத் தம்பியரும் பரதனைப் போன்றவர் ஆகார் என்றும், எல்லா நண்பரும் உம்மைப் போன்றவர் ஆகார் என்றும் அன்போடு கூறுகிறார். தம்மிடத்துள்ள பரிவினால் பிறந்த அச்சம் அது என்பதை அறிந்தவர் அவர்.

பெருமாளின் திருவுள்ளம்

பெருமாளுடைய தீர்ப்பின் உயிர்நிலை இது: நட்புப் பாவனையோடு வந்தவனை எந்நிலையிலும் கைவிடேன், அவனிடம் குற்றம் இருப்பினும் ஏற்பதைச் சான்றோர் பழிக்கமாட்டார். விபீஷணன் குற்றமற்றவன் ஆதலால் ஏற்கிறேன் என்று அவர் கூறவில்லை. ஸபையார் அனைவரும் வந்தவனின் தகுதியைப் பற்றி வழக்காடினர். அவர் தம்முடைய விரதத்தைப் பற்றிப் பேசினார். ஒருமுறை சரணம் என்று வந்து, உனக்கே உரியவன் என்று இரந்தவனுக்கு எல்லா உயிர்களிடமிருந்தும் அபயம் அளிப்பதே தம் விரதம் என்றார். நம் பெரியோர் இதனை ஸ்ரீராம சரம சுலோகம் என்று போற்றுவர்.

இதற்கு மேற்கோளாக அவர் எடுத்துக்காட்டியது ஒரு புறாவின் சரித்திரம். இராமாயணத்தில் குறிப்பாக வரும் இது, மஹாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் பீஷ்மரால் தர்மபுத்திரருக்கு விரித்துரைக்கப்படுகிறது. வேடன் ஒருவன் பெண் புறாவைப் பிடித்துக் கூண்டில் அடைத்தான். பெருமழையில் குளிரால் நடுங்கி ஒரு மரத்தடியில் ஒதுங்கினான். அந்த மரத்திலேதான் ஆண் புறா துணையைக் காணாமல் அழுதுகொண்டிருந்தது. அப்போது கூண்டுக்குள் இருந்த பெண் புறா, நம் இல்லத்தில் புகலடைந்தவன் இவன்; இவனை உபசரியுங்கள் என்று கணவனுக்குக் கூறியது. ஆண் புறா சருகு சேர்த்துத் தீ மூட்டிக் குளிர் போக்கியது. கொடுப்பதற்கு உணவு ஒன்றும் இல்லாமையால் தானே அத்தீயில் விழுந்தது. ஒரு பறவை இவ்வளவு செய்யுமாயின், நம்மைப் போன்றவர் செய்யவேண்டுவது எவ்வளவு என்பதே பெருமாள் கேட்கும் கேள்வி.

பின்னர் ஒரு வார்த்தை அருளிச்செய்கிறார். வந்திருப்பவன் விபீஷணன் ஆயினும் சரி, ராவணனே ஆயினும் சரி, அபயம் கொடுத்தாயிற்று, நீரே அழைத்து வாரும் என்று ஸுக்ரீவரிடம் கூறுகிறார். தடுத்தவரையே அழைத்துவரும்படி பணித்தது பெருங்கருணை. அப்பணியினால் ஸுக்ரீவரும் தெளிவு பெற்று, விபீஷணன் தூயவன் என்று தம் உள்ளமும் உணர்வதாகக் கூறி, அவன் நமக்கு ஒப்பாக இருந்து நட்புப் பெறட்டும் என்று முடிக்கிறார். வந்தவன் ஒருவன், அன்று பெருமாள் வாழ்வித்தவர் இருவர். கம்பர் இன்னும் ஒரு படி மேலே சென்று, குஹனை ஐந்தாம் உடன்பிறப்பாகவும், ஸுக்ரீவரை ஆறாம் உடன்பிறப்பாகவும், விபீஷணனை ஏழாம் உடன்பிறப்பாகவும் பெருமாள் எண்ணியதாகப் பாடுவதை அன்பர்கள் அறிவர். உடன்பிறந்தவனை விட்டவன் என்று தூற்றப்பட்டவனுக்கு உடன்பிறப்பே கிடைத்தது.

உண்மையிலேயே குற்றம் உள்ளவன் வந்தால்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். விபீஷணன் நல்லவனாகவே விளங்கினான். ஆகவே பெருமாளின் முடிவு பலித்தது. ஏற்கப்பட்டவன் மெய்யாகவே தீங்கு செய்தால் என் செய்வது?

இவ்வினாவை மேல்நாட்டுப் பெருங்காவியம் ஒன்றும் எழுப்புகிறது. பிரெஞ்சு மொழியில் விக்தர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட நவீனத்தை, கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் ஏழைபடும் பாடு என்று தந்துள்ளார். அது 1950-இல் திரைப்படமாகவும் வந்தது. ரொட்டி திருடிய குற்றத்திற்காகச் சிறை சென்று, தப்பியோட முயன்றதால் தண்டனை நீண்டு, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வெளிவந்தவன் ழான் வால்ழான். அவன் தங்க இடம் கேட்ட விடுதிகள் அனைத்தும் கதவைச் சாத்தின. மிரியேல் என்னும் பாதிரியார் ஒருவர் மட்டும் அவனுக்கு உணவும் படுக்கையும் அளித்தார். அன்றிரவே அவன் அவருடைய வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடினான். காவலர் பிடித்து வந்தபோது பாதிரியார், இவை நான் கொடுத்தவை என்று கூறியதோடு, இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் மறந்துவிட்டாயே என்று எடுத்துக் கொடுத்தார். கதவு திறந்தபோது மாறாத அவன் உள்ளம், குற்றம் செய்த பின்னும் கைவிடப்படாதபோது மாறத் தொடங்கியது. தேசமும் மதமும் வேறு. ஆயினும் குற்றம் இருப்பினும் கைவிடேன் என்ற அந்தக் கடற்கரை வார்த்தையின் பொருள் அங்கும் விளங்குகிறது.

நம் இதிஹாஸத்திலேயே இதற்கு மேலான உதாஹரணம் உண்டு. அது பிராட்டியினுடையது. ராவணன் மாண்டபின் வெற்றிச் செய்தியைக் கூற அசோக வனத்திற்கு வந்த ஆஞ்சநேயர், பிராட்டியைப் பல மாதங்கள் வருத்திய அரக்கியரைக் கண்டு, இவர்களைக் கொல்ல அநுமதி தரவேண்டும் என்று இரந்தார். கடற்கரையில் விபீஷணனுக்காக வழக்காடிய அதே ஆஞ்சநேயர்! தம் பகைவனின் தம்பியிடம் காட்டிய பொறுமையை, தம் தாயாரை வருத்தியவரிடம் அவரால் காட்ட முடியவில்லை. நமக்கு இழைத்த தீங்கைப் பொறுத்தல் எளிது. நம் அன்புக்கு உரியவர்க்கு இழைத்த தீங்கைப் பொறுத்தல் அரிது.

பிராட்டியோ மறுத்துவிட்டாள். இவர்கள் அரசன் ஏவலைச் செய்த பணிப்பெண்கள் என்றாள். பழைய கரடிக் கதை ஒன்றைக் குறிப்பிட்டு, குற்றம் செய்யாதவர் உலகில் எவருமில்லை என்றாள். அக்கதையை வியாக்கியானக்காரர் விரித்துரைப்பர். புலிக்கு அஞ்சி மரம் ஏறிய வேடனை, அங்கிருந்த கரடி காத்தது. கரடி உறங்கும்போது வேடன் புலியின் சொல்லைக் கேட்டு அதனைக் கீழே தள்ளினான். கரடி வேறு கிளையைப் பற்றிப் பிழைத்தது. இப்போதாவது அவனைத் தள்ளிவிடு என்று புலி கூறியும், புகலடைந்தவனைத் தள்ளேன் என்று கரடி மறுத்தது.

சரணம் என்று வாய்திறந்து சொன்னவர்களைக் காத்தான் பெருமாள். சொல்லாத அரக்கியரையும், குற்றத்தின் ஈரம் உலராதபோதே காத்தாள் பிராட்டி என்று ஸ்ரீகுணரத்ந கோசத்தில் பராசர பட்டர் அவள் ஏற்றத்தைப் போற்றுகிறார். இப்போது அந்தப் புறாவின் சரித்திரத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கவேண்டும். தன்னைச் சிறைப்பிடித்த வேடனுக்காகக் கூண்டுக்குள்ளிருந்து பரிந்து பேசியது பெண் புறா. தன்னைச் சிறையில் வருத்தியவர்க்காகப் பரிந்து பேசினாள் பிராட்டி. பெருமாள் கடற்கரையில் அந்தக் கதையை எடுத்துரைத்தபோது பிராட்டி இலங்கையில் சிறையிருந்தாள் என்பதை எண்ணினால் நெஞ்சு உருகும்.

உடன்வந்த நால்வர்

இவையெல்லாம் அவதார புருஷர்களுக்குப் பொருந்தும். நம்மைப் போன்ற ஸம்ஸாரிகளுக்கு எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கலாம். வீட்டுக் கதவை இரவில் தாழிடவேண்டிய நிலையில் உள்ளவர்கள் நாம். ஆராயாமல் எவரையும் ஏற்கும் வலிமை நமக்கு இல்லை. விரல்நுனியால் அரக்கரை அழிக்கவல்லேன் என்று பெருமாள் கூறியது போல் நாம் கூறவும் முடியாது. ஆயினும் ஆஞ்சநேயர் காட்டிய வழி நமக்கும் உரியது. வந்தவனின் குலத்தையும் உறவையும் கேட்பதற்கு முன் அவன் முகத்தைப் பார்க்கலாம். பல ஆண்டு பகைத்துப் பிரிந்த சகோதரன் ஒரு விசேஷத்திற்கு வந்து வாயிலில் நின்றால், எதற்காக வந்தான் என்று ஆராய்வதற்கு முன் ஓர் ஆஸனம் கொடுக்கலாம். நாமும் ஒரு காலத்தில் வாயிலில் நின்றவர்களே என்பதை நினைத்துக்கொண்டால், ஸுக்ரீவர் கேட்ட கேள்வி நம் வாயில் வாராது.

மற்றொரு வகையினரும் உண்டு. பிறர் தடுக்காமலே தாமே தம்மைத் தடுத்துக்கொள்பவர்கள் அவர்கள். ஸந்நிதியில் முப்பது ஆண்டுகளாகத் தீர்த்தமும் சடாரியும் ஸாதித்துவரும் அடியேன் இத்தகையோரை ஒவ்வோர் உத்ஸவத்திலும் காண்கிறேன். கருடாழ்வார் ஸந்நிதிக்கு அப்பால் தூண் ஓரத்தில் நின்றுவிடுவர். அருகில் வாரும் என்று அழைத்தால், எனக்கு என்ன யோக்யதை என்று பின்வாங்குவர். அவர்களுக்காகவே ஒரு விருத்தாந்தத்தை விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

எம்பெருமானார் கோஷ்டியில் விபீஷண சரணாகதிக் கட்டம் நடந்துகொண்டிருந்தது. உறங்காவில்லி தாஸர் எழுந்து நின்று நடுங்கினார் என்று நம் பெரியோர் கூறுவர். மனைவியையும் மக்களையும் இலங்கையையும் விட்டு வந்த விபீஷணாழ்வானுக்கே கொல், கட்டு என்னும் வார்த்தைகள் கிடைத்தனவென்றால், வீட்டையும் வாசலையும் விடாத அடியேனுக்கு என்ன கதி என்று கேட்டார். எனக்கு உண்டாகில் உமக்கும் உண்டு; என் ஆசார்யருக்கு உண்டாகில் எனக்கும் உண்டு என்று ஆசார்ய பரம்பரையைச் சொல்லித் தேற்றிய எம்பெருமானார், இறுதியில் அந்த நால்வரைக் காட்டினார். விபீஷணனோடு வானில் நின்ற நால்வர் தனியே சரணாகதி செய்ததாக எங்கும் இல்லை. அவனைப் பற்றி நின்றார்கள்; அவனுக்குக் கிடைத்த அபயம் அவர்களுக்கும் கிடைத்தது.

திருவீதியில் பெருமாள் எழுந்தருளும்போது முன்னே திவ்யப்ரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்கின்றன. அவற்றோடு சேர்ந்து, ஒன்றும் ஓதத் தெரியாமல் கைகூப்பிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அவர்கள் அனைவரும் அந்த நால்வரின் வகுப்பைச் சேர்ந்தவர்களே. ஆகவே தூண் ஓரத்தில் நிற்பவர்கள் தயங்காமல் முன்னே வாருங்கள். முன்னே நிற்பவர்கள் அவர்களுக்குச் சிறிது ஒதுங்கி வழிவிடுங்கள். இவ்விரண்டும் நிகழுமாயின் நாம் ராமாயணம் கேட்டது பயன்பெறும்.

ஸர்வலோக சரண்யனான எம்பெருமான் அனைவரையும் கடாக்ஷித்தருள்வானாக.

அடியேன் தாஸன்